ஒரே பிரவுன்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்தவர்களும் உள்ளே தள்ளி வாருங்கள். அங்கேயே இருந்தால் பாதிச் சொல்லைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. ஒரு ஷூப் படத்துக்குத் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக நிறம் பூச வேண்டியிருந்த ஒருத்தியின் கதை அது. இதென்ன பெரிய வேலை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அவள் பேர் தேவகிருபை. ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் பெத்லகேம் என்கிற பகுதியில் வீடு. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷூ கம்பெனியில் டச்-அப் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டச்-அப் என்றால் வேறொன்றுமில்லை. எல்லாம் முடிந்து வருகிற ஷூவில் எங்கேயாவது கீறலோ வெளுப்போ இருந்தால், அந்த இடத்தைத் பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அதே நிறத்தைத் தொட்டு வைத்து, அப்படி ஒரு கீறல் இருந்ததே தெரியாமல் ஆக்க வேண்டும். தேவகிருபை தொட்ட இடத்தை மறுபடி அவளே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கை அப்படி.

அந்த மேஜை சோறு போட்டது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் போட்ட சோற்றுக்கு மூச்சை வாங்கிக்கொண்டது. தின்னர் வாடை உள்ளே போய்ப் போய், ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவள் வீட்டுக்காரர் ஐசக், பாகாயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்கிறவர். அந்தச் சத்தத்தை வார்டில் நிறையக் கேட்டவர். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தார்.

டாக்டர் ரொம்பப் பேசவில்லை. "மருந்து நான் குடுக்கறேன்மா. அந்த வாடைய விட்டு நீங்க வெளிய வரணும். நான் குடுக்கறது மட்டும் போதாது" என்றார்.

கம்பெனியில் இதைச் சொல்ல முடியுமா? முன்பு ஒரு தடவை, சோல் ஒட்டுகிற பகுதியில் இருமிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை, "வீட்ல ரெஸ்ட் எடு, சரியானதும் வா" என்று நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த அம்மாவுக்குச் சரியானதா என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. அதனால் தேவகிருபை இருமலைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்த சமயத்தில் மாடியில் டிசைன் ரூமில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்தது. அங்கே கம்ப்யூட்டரில் ஷூப் படங்களுக்கு நிறம் பூசுகிற பெண் குர்ஷித். ரம்ஜானுக்கு அப்புறம் நிக்காஹ், மேல்விஷாரத்துக்குப் போகிறாள். ரூமுக்குப் பொறுப்பாளர் சம்பத் என்று ஒருவர். தேவகிருபை நேரே அவரிடம் போய் நின்றாள்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார் சம்பத்.

"தெரியாது சார். கலர் தெரியும்."

சம்பத் சிரித்துவிட்டார். அவள் கைவேலையை அவரும் பார்த்திருக்கிறவர்தான். "சரி, குர்ஷித் போறதுக்குள்ள கத்துக்கோ. ஒரு மாடலாவது நீயா முடிச்சுக் குடுத்தின்னா சேர் உன்னுது. இல்லாட்டி பழைய மேஜைக்கே போய்டணும். அப்புறம் மூஞ்சத் தூக்கிக்கக் கூடாது."

எதற்காக மாடிக்கு வருகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

டிசைன் ரூமில் ஏசி உண்டு. கதவைச் சாத்திவிட்டால் கீழ்ச் சத்தமும் வராது, கீழ் வாடையும் வராது. முதல் நாள் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

வேலை இதுதான். டிசைனர் பென்சிலில் கோட்டுப்படம் போட்டுத் தருவார். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஒவ்வொரு பாகத்துக்கும் நிறம் நிரப்ப வேண்டும். அந்தப் படத்தின் ஒரு பிரதி வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்குப் போகும். இன்னொரு பிரதி பேர்ணாம்பட்டில் தோல் பதனிடுகிற டேனரிக்குப் போகும். அவர்கள் படத்தில் இருக்கிற நிறத்தைப் பார்த்துத் தோலுக்குச் சாயம் ஏற்றி ஒரு துண்டு அனுப்புவார்கள்.

"வாளின்னு ஒண்ணு இருக்குது அக்கா" என்று குர்ஷித் காட்டினாள். "ஊத்தினா மொத்தமா ரொம்பிடும். ஆனா நம்ம டிசைனர் எங்கியாவது கோட்ட மூடாம உட்டிருப்பாரு. கலர் அந்தச் சந்துல பூந்து ரோட்டுக்கு ஓடிடும். அதனால பிரஷ்தான்."

குர்ஷித் மவுஸ் வைத்துத்தான் பூசுவாள். தேவகிருபைக்கு மவுஸ் வசப்படவில்லை. சோப்புக்கட்டியைப் பிடித்து எழுதுகிற மாதிரி இருந்தது. அலமாரியில் ஒரு பேனாவும் பலகையும் கிடந்தது. பலகைமேல் பேனாவால் இழுத்தால் கோடு திரையில் விழும். மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்ட் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. குர்ஷித் அதைத் தொட்டதே இல்லை. தேவகிருபை எடுத்தாள். கைக்குள் பிரஷ் வந்த மாதிரி இருந்தது.

குர்ஷித் பிரஷ்ஷைத் தேர்ந்து, நிறத்தைத் தேர்ந்து கொடுத்தாள். திரையில் மேலே, இழுத்து நகர்த்துகிற ஒரு சின்னக் கோட்டில் நூறு என்று இருந்தது. நிறம் எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்பதற்கான அளவு அது. ஒப்பாசிட்டி என்பார்கள். நூறு என்றால் அடியில் இருப்பது ஒன்றும் தெரியாது. குறைக்கக் குறைக்கக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். தேவகிருபை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். பிரவுன் கெட்டியாக விழுந்தது. அவளுக்கு உடம்பு கூசிப்போனது. கையை நீட்டி அந்த நூறை முப்பதுக்கு இழுத்தாள்.

"இன்னா அக்கா, கம்மி பண்ணிட்ட?"

"திக்கா விழுதும்மா. திக்கா போட்டா மடியற எடத்துல வெடிச்சிடும். மெல்லிசா ஒரு கோட்டிங் போடணும். காஞ்சதும் இன்னொரு கோட்டிங்."

"காயறதுக்கு எங்க போவும்? மானிட்டர ஃபேனுக்கு நேரா திருப்பி வைக்கட்டா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். குர்ஷித் நூறுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனாள். ஆனால் கண்ணுகளா, வாய் சிரித்தாலும் கை சிரிக்குமா? வருஷக்கணக்காக ஒரு பழக்கம். குர்ஷித் நகர்ந்ததும் தேவகிருபை மறுபடியும் முப்பதுக்கு இறக்கிவிட்டாள். ஒரு பூச்சு பூசுவாள், பேனாவை எடுப்பாள், காயட்டும் என்று கொஞ்சம் சும்மா இருப்பாள், பிறகு மேலே இன்னொரு பூச்சு. ஒரு தடவை திரைக்குப் பக்கத்தில் குனிந்து உஃப் என்று ஊதிக்கூடப் பார்த்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

நிக்காஹ் துணி எடுக்கக் குர்ஷித் வாணியம்பாடிக்குப் போன நாளில், தேவகிருபை தனியாகவே ஒரு ஆண்கள் ஷூவை முடித்தாள். அவள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. தோல் என்றால் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும். சம்பத்துக்கு அன்றைக்கு அவசரம். சரியாகப் பார்க்காமல் அச்செடுத்துப் பேர்ணாம்பட்டுக்குப் போகிற வேனில் கொடுத்துவிட்டார்.

வேன் திரும்பி வந்தபோது ஒரு துண்டுத் தோலோடு நிற்கவில்லை. மூன்று வந்தன.

சம்பத் அந்த மூன்றையும் தேவகிருபை முன்னால் வரிசையாக வைத்தார். ஒன்று வெளிர் பிரவுன், ஒன்று நடுத்தரம், ஒன்று காப்பித்தூள் நிறம்.

"இன்னாம்மா இது? டேனரிக்காரர் போன் பண்றாரு. படத்துல மூணு பிரவுன் இருக்குது, மூணையும் போட்டு அனுப்பியிருக்கேன், எது வேணுமோ எடுத்துக்கோங்கன்றாரு. ஷூ ஒண்ணு. தோல் மூணு. நான் பையர் கிட்ட இன்னா சொல்லட்டும்? காலைல ஒரு கலரு, சாயங்காலம் ஒரு கலருன்னா?"

தேவகிருபை படத்தையும் துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குதிகால் பக்கம் ஒரு பூச்சோடு நின்ற இடம் வெளிறியிருந்தது. பக்கவாட்டில் இரண்டு பூச்சு. பூச்சு மேல் பூச்சு ஏறிய இடமெல்லாம் கறுத்து வரிவரியாக இருந்தது. டேனரிக்காரர் மூன்று நிறத்தையும் அச்சு அசலாகப் பிடித்திருந்தார். அந்த நேரத்திலும் அவளுக்கு, யாரோ நல்ல கைக்காரர் என்று தோன்றியது. அதை வெளியே சொல்லவில்லை.

"இந்த வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு. சனிக்கிழமை பையருக்குப் படம் போய்ட்டாவணும்" என்றார் சம்பத். "அதுலயும் இப்டி வந்துச்சுன்னா நீ கீழ போய்டும்மா. உன் எடத்துக்கு ஜெமின்னு ஒரு பொண்ணு வந்திருக்குது. அதும் பக்கத்துல உக்காந்துக்கோ."

அவர் போன பிறகு தேவகிருபை தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினாள். குர்ஷித் மூன்று துண்டுகளையும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றத இப்பவாவது கேளு. இது தோல் இல்ல. இத யாரும் கால்ல போட மாட்டாங்க, மடிக்க மாட்டாங்க. நூறு வச்சு ஒரே வாட்டி போடு. வெடிச்சா நான் பொறுப்பு."

தேவகிருபை நூறுக்கு ஏற்றினாள். இந்தத் தடவை இறக்கவில்லை. பழைய நிறத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள்.

பூச்சு மேல் பூச்சு ஏறுகிற தொல்லை போனது. ஆனால் ஓரத்தில் வேறு ஒன்று வந்தது. தையல் கோட்டுக்குப் பக்கத்தில் நிறம் நிற்காமல் புகை மாதிரி கரைந்தது. பிரஷ் ஓரம் பஞ்சாக இருக்கிறது என்று குர்ஷித் சொன்னாள். அதற்கு வேறு ஒரு அளவு உண்டு. ஓரம் எவ்வளவு கெட்டி என்பது. அதையும் நூறுக்கு ஏற்றியதும் கோடு கத்தியால் வெட்டின மாதிரி நின்றது.

அப்படியும் சீர் வரவில்லை. ஒரே இழுப்பிலேயே நிறம் ஏறி இறங்கியது. கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்து. வாய்க்கால் தண்ணீரில் வெயில் விழுந்த மாதிரி பட்டை பட்டையாக.

குர்ஷித் மவுஸ் எடுத்து அதே பிரஷ்ஷால் பூசினாள். ஒரே சீராக விழுந்தது. பேனாவை வாங்கிப் பூசினாள். அவள் கைக்கு ஆரம்பத்தில் வெளுத்து முடிவில் கறுத்தது, ஆனால் பட்டை விழவில்லை.

"பேனா பேஜார் பண்ணுது அக்கா. மவுஸ்லயே கத்துக்கோயேன்."

"சனிக்கிழமைக்குள்ளயா? எனக்கு அதுல ஒரு வட்டம் போட வராது."

"சரி, இன்னொரு வாட்டி போடு. நான் பாக்கறேன்."

தேவகிருபை போட்டாள். குர்ஷித் திரையைப் பார்த்தாள். அப்புறம் பேனா முனையைப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, எழுந்து தேவகிருபைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொண்ணு போடு... நிறுத்தாத, போட்டுக்கினே இரு."

தேவகிருபை அடுத்தடுத்து இழுத்தாள்.

"அக்கா" என்றாள் குர்ஷித். "உன் தோள் ஏறும்போது கலர் ஏறுது. தோள் எறங்கும்போது வெளுத்துப் போவுது."

தேவகிருபை பேனாவைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கிறபோது கை அழுந்தும். விடுகிறபோது கை தளரும். நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்கு அது வெளியே தெரியாது. அவளுக்கு ஒவ்வொரு மூச்சும் இழுத்து வாங்க வேண்டிய மூச்சு. யாருக்கும் காட்டாமல் தலைப்புக்குள் வைத்திருந்த இளைப்பு, ஷூ முழுக்கப் பிரவுன் பட்டையாக விழுந்து கிடந்தது. மூச்சு எங்கே தடைபட்டது என்றுகூட அதில் பார்க்கலாம்.

"வீசிங்கா?"

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் மேல வந்தியா?"

"அதுக்குத்தான்."

"சம்பத் சாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்ல ரெஸ்ட் எடுன்னுவாரு."

குர்ஷித் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் பிரஷ்ஷுக்கான பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் அந்தப் பக்கமெல்லாம் புதுசு. மவுஸுக்கு அதற்கெல்லாம் தேவை இருந்ததில்லை. ஒன்றை மாற்றிவிட்டு, "போடு" என்பாள். பிரஷ் பெரிதாகும். இன்னொன்றை மாற்றுவாள். நிறம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். "சீ, இது அம்ம போட்ட மூஞ்சியாட்டம் ஆயிடுச்சு" என்று பழையபடி வைப்பாள். மதியத் தொழுகைக்குக் கூப்பிட்ட சத்தம் கேட்டது, சாப்பாட்டு நேரமும் போனது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒரு மூலையில் இருந்தது. கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு நிறம் விட வேண்டும் என்று பேனாவுக்கு ஒரு கட்டளை. தொட்டால் கொஞ்சம், அழுத்தினால் ஜாஸ்தி. சித்திரம் எழுதுகிறவர்களுக்கு அது வரம். ஒரே நிறத்தை நிரப்புகிறவளுக்கு அது எதற்கு? பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடித்திருந்தது. குர்ஷித் அதை எடுத்துவிட்டாள்.

"இப்ப போடு அக்கா."

தேவகிருபை ஒரு இழுப்பு இழுத்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரே பிரவுன். நம்பிக்கை வரவில்லை. அழுத்தி இழுத்தாள், பட்டும் படாமலும் இழுத்தாள். அதே பிரவுன். நடுவில் இருமல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு, இருமிக்கொண்டே இழுத்தாள். கோடு கொஞ்சம் ஆடியது. நிறம் ஆடவில்லை.

"கோடு ஆடினா அழிச்சிக்கலாம்" என்றாள் குர்ஷித். "அது எல்லாருக்கும் ஆடும்."

அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து தேவகிருபை அந்த ஷூப் படத்தை முடித்தாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே கோட்டுப்படத்துக்கு அடியில் இன்னொரு தாள் வைத்து, நிறத்தை அதில் மட்டும் நிரப்பினாள். மூக்குப் பகுதி, பக்கவாட்டு, நாக்கு, குதிகால், எல்லாம் ஒரே அளவு, ஒரே அழுத்தம்.

சனிக்கிழமை காலை சம்பத் படத்தை அச்செடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனார். ஒரு வெள்ளை அட்டையில் சின்ன ஓட்டை போட்டு வைத்திருப்பார். நிறம் பார்க்க அது. அட்டையைப் படத்தின்மேல் வைத்து, ஓட்டை வழியாக ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனார். குதிகாலில் ஆரம்பித்து மூக்குவரை போய், திரும்பவும் குதிகாலுக்கு வந்தார். ஓட்டைக்குள் ஒரே பிரவுன்தான் இருந்தது.

"சரி" என்றார். "இது போலாம். மொதல்ல ஏன் அப்டி வந்துச்சு?"

"செட்டிங் சார்" என்று குர்ஷித் முந்திக்கொண்டாள். "பேனா செட்டிங். இப்ப மாத்திட்டோம்."

அதில் பொய் ஒன்றும் கிடையாது. தேவகிருபை தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. நாற்காலி அவளுடையது.

ஆனால் அன்று காலை டீ வாங்கக் கீழே போனபோது, தன் பழைய மேஜையில் ஜெமி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தாள். இருபது வயசுகூட இருக்காது. தின்னர் துணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கையிலும் தின்னர்தான். "பழகிடுமாக்கா?" என்று கேட்டாள். தேவகிருபை டீயை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

"பேனா செட்டிங் மட்டும் இல்ல சார்" என்றாள் தேவகிருபை இப்போது. குர்ஷித் அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் நிறுத்தவில்லை. "எனக்கு மூச்சு சரியில்ல. மூச்சு வாங்க வாங்க கை அழுத்திச்சு, அதுதான் பட்ட பட்டையா வந்துச்சு. தின்னர்ல வந்த நோவு. டாக்டர் அங்க உக்காரக் கூடாதுன்னாரு. அதுக்குத்தான் மேல வந்தேன். அந்த எடத்துல இப்ப அந்தப் பொண்ணு உக்காந்துகினு இருக்குது."

சம்பத் அட்டையைக் கீழே வைத்தார்.

"இத எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாமே நீ."

"இருந்திருக்கலாம் சார்."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் படத்தை உறைக்குள் போட்டார். கதவுவரை போய், திரும்பாமலே பேசினார்.

"திங்கக்கிழமை இதே மாடலுக்குக் கறுப்பும் டேன் கலரும் வேணும். எட்டரைக்கெல்லாம் வந்துடு. குர்ஷித், அந்தப் பேனாவ அலமாரில போட்டுப் பூட்டிடாத, அந்தம்மாவுக்கு வேணும்."

அவ்வளவுதான் நடந்தது. அவர் யாரிடம் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மழைக்காலம் போன பிறகு டச்-அப் மேஜைக்குப் பின்னால் சுவரை உடைத்து, காற்றை வெளியே தள்ளுகிற ஒரு ஃபேனைப் பொருத்தினார்கள். சம்பத் சொன்னதால்தான் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பையரிடமிருந்து சோதனைக்கு ஆள் வரப்போகிறது, அதற்குத்தான் என்றார்கள் வேறு சிலர். வாடை குறைந்தது, போகவில்லை. ஜெமி மூக்கில் துணி கட்டிக்கொண்டு அங்கேயே வேலை பார்த்தாள். குர்ஷித் நிக்காஹ் முடிந்து மேல்விஷாரத்துக்குப் போனாள். தேவகிருபை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புப் பூசினாள், டேன் பூசினாள், அடுத்த வருஷம் பெண்கள் செருப்புக்குச் சிவப்புப் பூசினாள். படத்தைப் பார்த்த யாருக்கும் அவளுடைய மூச்சு தெரியவில்லை. டேனரியிலிருந்து ஒரு படத்துக்கு ஒரு துண்டுதான் வந்தது.

கதை முடிந்தது, கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு புகையாமல் எரியட்டும். வேலைக்குப் போனவர்கள் போன மாதிரியே திரும்பி வரட்டும். படுத்தவர்கள் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கட்டும். பசியோடு வருகிற ஒருத்தருக்குப் போடுவதற்கு உங்கள் பானையில் எப்போதும் ஒரு கை சோறு மிச்சம் இருக்கட்டும்.